முந்தற் களப்பும் ஒரு கந்தைப் போர்வையும்



நம் வீடுகளில் பழந்துணி மூட்டை ஒன்று இல்லாத வீடு அரிது. கிழிந்த சேலை, சாயம் போன சாரம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டமையால் சிறுத்துப்போன பள்ளிச் சட்டை, பாட்டனார் உடுத்த வேட்டியில் எஞ்சிய பாதி என்று அதனுள் எத்தனையோ கிடக்கும். எறியவும் மனம் வருவதில்லை, உடுக்கவும் இயல்வதில்லை. கந்தையேயாயினும் கசக்கிக் கட்டச் சொன்ன முன்னோர், கட்டவும் உதவாத கந்தையை என்செய்வது என்பதற்கும் வழி கண்டிருந்தனர். அதனை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கினர். அத்தகைய போர்வை ஒன்றில், நாம் நேசிக்கும் ஓர் இடத்தின் சாயலை எவ்வாறு தைத்து வைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் தெரிந்தெடுத்த இடம், புத்தளம் மாவட்டத்துக் கரையோர ஊராகிய முந்தலும் அதனை அடுத்துக் கிடக்கும் களப்பும்.

நிலத்தைப் பார்த்துத் துணியைத் தைப்பது புதுமையான வேலை என்று எண்ணவேண்டா. அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. கௌதம புத்தர் தட்சிணகிரியை நோக்கிச் சென்றபோது, வழியிலே மகத நாட்டு வயல்களைக் கண்டார். நீண்ட பாத்திகளும், அவற்றைப் பிரிக்கும் வரம்புகளும், வரம்புகள் ஒன்றையொன்று வெட்டும் சந்திகளும் அவர் கண்ணிற் பட்டன. உடன்வந்த ஆனந்தரைப் பார்த்து, துறவியரின் ஆடையை இவ்வயல் போல அமைத்துத் தர இயலுமா என்று வினவினார். ஆனந்தரும் அவ்வாறே துண்டு துண்டாக வெட்டித் தைத்துக் கொடுத்தார் என்று விநய பிடகம் கூறுகின்றது. வெட்டித் தைத்த துணிக்கு விலை இல்லை. ஆகவே கள்வரும் அதனை விரும்பார் என்பது அவ்வமைப்பில் அடங்கிய பயன். இன்றும் இலங்கையில் நாம் நாடோறும் காணும் பிக்குகளின் காவியாடையை உற்று நோக்கினால் அந்தப் பாத்திகளும் வரம்புகளும் தெரியும். ஒரு நாட்டின் வயல், வயலை விட்டு நெடுந்தொலைவு வந்து, மனிதர் தோளிலே தங்கிவிட்டது!

வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவியெடுத்த வண்ண நூலாலேயே தைத்து, 'காந்தா' என்னும் போர்வை செய்வர். நமது 'கந்தை' என்ற சொல்லும் அந்தக் 'காந்தா'வும் ஒரே வேரின. கவிஞர் ஜசீமுத்தீன் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட காவியம் ஒன்றிற்குச் சித்திரக் கந்தையின் வயல் என்று பொருள்படும் பெயரை இட்டார். கணவனைப் பிரிந்த சிற்றூர்ப் பெண்ணொருத்தி தன் வாழ்வையே கந்தையில் தைத்து, அதனைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லி இறக்கும் கதை அது. துணியை வயல் என்று சொல்வது கவிஞருக்கும் இயல்பாக வந்திருக்கின்றது, பாருங்கள்.

இனி, நமக்கு உகந்த தையல் முறை எது? புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்த மக்களை நேயர்கள் பலர் அவர்களுடைய மஞ்சா இசையால் அறிந்திருப்பீர்கள். அவர்களைப் போலவே ஆபிரிக்காவை மூலமாகக் கொண்ட சித்தி மக்கள், இந்தியாவிலே கர்நாடக மாநிலத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழ்கின்றனர். அச்சித்திப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். சட்டமும் இயந்திரமும் அதற்கு வேண்டியதில்லை. ஊசியும் நூலும் மடியுமே போதும். போர்வையின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே உள்ளே சென்று நடுவில் முடிப்பது அதன் தனி முறை. களப்பு ஒன்றைத் தைக்க விரும்புவோர்க்கு இதனினும் பொருத்தமான முறை இராது. கரையிலே தொடங்கித் தண்ணீரிலே முடிக்கலாம் அன்றோ?

முறை கிடைத்தது. இனி இடத்தைப் பார்க்கவேண்டும். இந்த வேலையில் பாதி, ஊசியை எடுப்பதற்கு முன்னரே நடைபெறுகின்றது.

சிலாபத்திலிருந்து புத்தளத்துக்கு வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலும் புகையிரதப் பாதையிலும் இடையே அமைந்த ஊர் முந்தல். அதற்கு மேற்கே, கடலுக்கு இணையாக நீண்டு கிடப்பது முந்தற் களப்பு. களப்பையும் கடலையும் பிரிப்பது ஒடுங்கிய மணற்றிட்டு. திரௌபதையம்மன் கோயிலாலும் தீமிதிப்பாலும் பெயர்பெற்ற உடப்பு என்னும் மீனவர் ஊர் அத்திட்டின்மேல் இருக்கின்றது. களப்பின் வடபுறம் ஒரு நீர்வழி புத்தளம் களப்போடு சென்று சேர்கின்றது. தெற்கே, ஒல்லாந்தர் கால்வாய் என்று மக்கள் வழங்கும் கால்வாய் சிலாபப் பக்கம் செல்கின்றது. சுற்றிலும் தென்னந்தோட்டம், நெல்வயல், உப்பளம், பற்றைக்காடு, நீர்விளிம்பிலே கண்டற்காடு. இவையே நமது போர்வையின் உறுப்புகள்.

களப்பு என்றவுடன் நீலத்துணியைத் தேடுவோர் பலர். நானும் அப்படித்தான் தேடினேன். ஆனால் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் மூன்று முறை சென்று நின்று பார்த்தபோது, நீலம் கடலுக்கே உரியது என்று தெரிந்தது. ஆழமற்ற இந்தக் களப்பின் நீர் காலையில் ஈயத்தின் நிறம். நண்பகலில் வெளிறிய வெள்ளை. மாலையில் பால் விடாத தேநீரின் நிறம். மாரி மழையில் ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும்போது நீர் செம்மண் கலந்து வரும். கோடையில் நீர் உள்வாங்க, விளிம்புச் சேறு வெடித்து, அதன்மேல் உப்புப் பூக்கும். ஆகவே நீலச்சேலையைக் கடலுக்கென ஒதுக்கிவிட்டு, சாம்பல் நிறத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையையும் நீருக்கெனச் சேர்த்தேன்.

பச்சையும் ஒரே பச்சையன்று. வளைந்த தாங்கு வேர்களை நீரில் ஊன்றி நிற்கும் கண்டலின் இலை கரும்பச்சை. எழுதுகோல்களைச் சேற்றில் நட்டு வைத்தாற்போல மூச்சுவேர்களை மேலே நீட்டும் வெண்கண்டலின் இலைக்கோ, அடிப்புறம் சாம்பல் பூத்திருக்கும். தில்லை மரத்தின் இலை உதிருமுன் செந்நிறம் கொள்ளும். அதன் பால் கண்ணிற் பட்டால் தீங்கு விளைப்பதாகையால், அதனைத் தொலைவில் நின்று பார்ப்பதே நன்று. உவர் நிலத்தில் படரும் உமிரியும் வெயிற்காலத்தில் சிவக்கும். ஆகவே நமது போர்வையில் ஒரு சிவப்புத் துண்டேனும் இருத்தல் வேண்டும். அஃது அழகுக்காக அன்று, உண்மைக்காக.

அடுத்தது துணித் தெரிவு. பருத்தித் துணியையே எடுங்கள். நம் நாட்டு வெக்கைக்கு உகந்தது அதுவே. ஊசியும் அதிலே தடையின்றி ஏறும். ஒவ்வொன்றையும் துவைத்து, நிழலில் உலர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை விட்டுப்போன இடத்தை வெட்டி நீக்குங்கள். புதுத்துணியையும் நைந்த துணியையும் அடுத்தடுத்து வைக்கலாகாது. வலியது மெலியதை இழுத்துக் கிழித்துவிடும். கட்டம்போட்ட சாரம் உப்பளத்துக்கும் வயலுக்கும் மிக நன்றாக அமையும். வெட்டாமலே அதிற் பாத்திகள் இருக்கின்றன! வெள்ளை வேட்டி உப்புக் குவியல். பழுப்பேறிய வேட்டி மணற்றிட்டு. பாடசாலைச் சட்டையின் வெள்ளை கொக்குக்கும் நாரைக்கும் போதும். நீர்க்காகத்துக்குக் கறுப்புத் துண்டு விரலளவு இருந்தால் அதுவே மிகுதி.

அளவுக்கு ஓர் எளிய கணக்குச் சொல்கின்றேன். ஆறு யார் நீளமுள்ள பழஞ்சேலை ஒன்றை இரண்டிரண்டு யாராக மூன்றாக வெட்டுங்கள். ஏறத்தாழ 45 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட மூன்று துண்டுகள் கிடைக்கும். ஒன்று அடித்துணி, மற்ற இரண்டும் உள்ளடுக்கு. பஞ்சு வேண்டியதில்லை. மார்கழி வாடைக்கு இவ்வளவு தடிப்பே நமக்குப் போதுமானது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, நீண்ட நூலோட்டங்களால் தற்காலிகமாகப் பிணைத்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கம் வடக்கு என்று கொண்டால், இடப்புறம் கடல், வலப்புறம் தென்னந்தோட்டம்.

இனித் தையல். இடப்புற மூலை ஒன்றிலே தொடங்குங்கள். கடலுக்குரிய நீலத்துண்டை ஓரத்தில் வைத்து, அதன் விளிம்பையும் அடுக்குகளின் விளிம்பையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, எல்லா அடுக்குகளினூடும் ஊசி ஏறி இறங்கத் தையுங்கள். இதுவே ஓட்டுத் தையல். தையல் ஒவ்வொன்றும் நெல்மணி அளவு இருந்தால் அழகு. நூல் கை நீளத்துக்கு மேற்பட்டால் சிக்கும். ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபின், ஒரு விரற்கிடை உள்ளே தள்ளி இரண்டாம் சுற்றைத் தொடங்குங்கள். துண்டு முடியுமிடத்தில் அடுத்த துண்டின் விளிம்பை மடித்து அதன்மேல் ஏற்றி வைத்துத் தைத்துக்கொண்டே செல்லலாம். முன்கூட்டியே எல்லாவற்றையும் வெட்டி வைக்கவேண்டிய தேவை இல்லை.

இவ்வாறு செல்லும்போது, வெளிச்சுற்றில் இடப்புறம் கடலும் வலப்புறம் தென்னையும் அமையும். அடுத்துள்ள சுற்றுகளில் மணலும் வயலும் உப்பளமும் அமையும். அதற்கும் உள்ளே கண்டற்காடு. எல்லாவற்றுக்கும் நடுவே, கடைசியாக, நீர். தேசப்படம் போல அளவு பிசகாமல் இருக்கவேண்டும் என்பதில்லை. உடப்புக்கு ஒரு சிவந்த துண்டு. புகையிரதப் பாதைக்குக் கறுத்த நூலில் ஒரு நீண்ட தையல். கால்வாய்க்கு ஒடுங்கிய சாம்பற் பட்டி. காண்பவர் விரல் வைத்து வழி நடக்கக்கூடுமாயின் அதுவே போதும். நான்கு மூலைகளிலும் சிறு துணிச் சதுரத்தை மடித்து மலர் போலத் தைப்பது சித்திப் பெண்களின் வழக்கம். அஃதின்றேல் போர்வை முற்றுப்பெறாது என்பது அவர்கள் கொள்கை. அம்மலர்களையும் மறவாதீர்கள்.

நேயர்களே, இதுவரை கூறியவை கைவேலை. இனிக் கூறப்போவது, இந்தப் போர்வையைத் தைத்தபோது என் ஊசி நின்றுபோன இடம்.

களப்பின் கரையோரமாகவும் கால்வாய் வழியாகவும் சென்று பார்த்தால், சதுரஞ் சதுரமாகக் கட்டப்பட்ட மண் வரம்புகளைக் காணலாம். வயல்கள் என்று முதலில் மயங்குவோம். அவை வயல்கள் அல்ல. இறால் வளர்த்த குளங்கள். 1980களிலும் 1990களிலும் சிலாபம், முந்தல், புத்தளம் என்னும் இக்கரையோரம் முழுவதிலும் இறால் பண்ணைகள் பெருகின. பலருக்குத் தொழில் கிடைத்தது. நாட்டுக்கு வெளிநாட்டுச் செலாவணியும் கிடைத்தது. ஆனால் பல இடங்களில் கண்டற்காட்டை வெட்டியே குளம் தோண்டினார்கள். 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவி, குளம் குளமாக இறால் மடிந்தது. ஒரு பண்ணையின் கழிவுநீர் விழுந்த அதே கால்வாயிலிருந்து அடுத்த பண்ணை நீர் எடுத்தமையால், நோய்க்கு வழி தேடவேண்டியிருக்கவில்லை. பின்னரும் நோய்கள் வந்தன. முறையாக நடத்தப்பட்ட பண்ணைகள் பல இன்றும் தொழில் செய்கின்றன. ஆயினும் கைவிடப்பட்ட குளங்கள் மிகப் பல. அவற்றில் நெல்லும் இல்லை, இறாலும் இல்லை, கண்டலும் இல்லை. கண்டலின் வேரிடுக்கிலேதான் களப்பின் இயற்கை இறாற்குஞ்சுகள் ஒதுங்கி வளர்கின்றன. இறாலின் பொருட்டு இறாலின் தொட்டிலையே வெட்டியது போலாயிற்று.

மகத நாட்டு வரம்புகளைக் கண்டு புத்தர் ஆடை அமைக்கச் சொன்னார். இந்த வரம்புகளைக் கண்டு நான் என் செய்வது? அன்புடைய இடத்தின் நினைவாகத் தைக்கும் போர்வையில் இந்த வெறுங்குளங்களுக்கு இடம் கொடுப்பதா? அவ்விடத்தையும் கரும்பச்சைத் துணியால் மூடிவிட்டால் யார் கேட்கப்போகின்றார்கள்? உண்மையைச் சொன்னால், பச்சைத்துணியை எடுத்து வைத்தும் பார்த்தேன். அழகாகவே இருந்தது. ஆயினும் தைக்கக் கை எழவில்லை. நாளை ஒரு குழந்தை அந்தத் துண்டின்மேல் விரல் வைத்து, "இந்தக் காடு எங்கே இருக்கின்றது?" என்று கேட்டால், நான் எங்கே கூட்டிச் செல்வேன்? புகழ்வது வேறு, நினைவு கொள்வது வேறு. நினைவில் இல்லாததைத் தைத்தால் அது வெறும் அலங்காரம்.

ஆகவே, தென்புறத்தில் நான்கு சதுரங்களைச் சாயமற்ற, நைந்த, அழுக்கு நிறத் துணியிலே வைத்தேன். அவற்றின்மேல் பூவேலை எதுவும் செய்யவில்லை. மற்ற இடங்களில் ஓடிய அதே ஓட்டுத் தையல் மட்டும் அவற்றினூடும் ஓடுகின்றது. அந்தத் தையல் இல்லாவிடின் போர்வை அவ்விடத்தில் பிரிந்துவிடும் அன்றோ?

அத்துடன் விட்டுவிடவும் மனம் வரவில்லை. விடவேண்டிய காரணமும் இல்லை. முந்தலுக்குத் தெற்கே, இதே மாவட்டத்தில், ஆனைவிழுந்தான் சரணாலயம் இருக்கின்றது. பழைய குளத் தொடரும் கண்டற்காடும் கடற்கரையும் அருகருகே அமைந்த அவ்வீர நிலம் 2001ஆம் ஆண்டில் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனுள்ளேயும் கைவிடப்பட்ட இறாற் குளங்கள் உண்டு. அவற்றிலே கண்டலை மீளவைக்கும் முயற்சி நடைபெற்று வருகின்றது. சிலாபத்துக்கு அண்மையில் பம்பலையில் 2016ஆம் ஆண்டில் கண்டற்காட்டுக்கென ஓர் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் அளித்து, அவர்களையே கண்டற்காட்டின் காவலராக்கும் திட்டமும் அங்கிருந்து நடந்தது. இலங்கையின் கண்டற்காட்டு மீட்பை, உலகுக்கு முன்மாதிரியான முயற்சிகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

இம்முயற்சிகள் கற்பித்த பாடம் ஒன்றைக் கேளுங்கள். வெறுங்குளத்தில் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டுவிட்டால் மட்டும் காடு வந்துவிடுவதில்லை. நட்டவை பெரும்பாலும் பட்டுப்போகும். முதலில் வரம்பை வெட்டி, வற்றுப் பெருக்கு நீர் முன்போல வந்து போக வழிவிடவேண்டும். நீர் ஓடத் தொடங்கினால், மரத்திலேயே முளைவிட்டு ஈட்டி போலத் தொங்கும் கண்டற் காய்கள் மிதந்துவந்து சேற்றிலே தாமாகவே ஊன்றிக்கொள்ளும். காட்டை நாம் உண்டாக்குவதில்லை. அது திரும்பிவரும் வழியைத் திறந்துவிடுகின்றோம்.

இதனை அறிந்தபின், நான்கு சதுரங்களில் ஒன்றின் விளிம்புத் தையலை ஓரிடத்தில் பிரித்தேன். அந்த இடைவெளியூடே நீரின் சாம்பல் நிறத் துணியில் ஒரு நாக்களவு உள்ளே நுழைத்து, அதன் நுனியில் பச்சை நூலால் ஏழெட்டு நேர்க்கோடுகள் தைத்தேன். மற்ற மூன்று சதுரங்களும் அப்படியே இருக்கின்றன. பிரிக்க வேண்டிய நாள் வரும்போது பிரிக்கலாம். கந்தைப் போர்வையின் சிறப்பு அதுவே: எந்நாளும் பிரித்துத் திருத்தலாம், கிழிந்த இடத்தில் இன்னொரு துண்டை ஏற்றலாம்.

முடிந்த போர்வையைக் கடும் வெயிலில் உலர்த்தவேண்டா, சாயம் வெளிறும். ஆண்டுக்கு இருமுறை மெல்லத் துவைத்து நிழலில் விரியுங்கள். பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், பிள்ளைகள் போர்த்துக்கொள்ளக் கொடுங்கள். படுக்கையில் கிடந்தவாறே அவர்கள் விரலால் கடலிலிருந்து மணலுக்கும், மணலிலிருந்து நீருக்கும் நடப்பார்கள். இது பாட்டியின் சேலை, இது பாட்டனாரின் வேட்டி என்று கேட்பார்கள். இது என்ன வெறுஞ்சதுரம் என்றும் கேட்பார்கள். அந்த வினா எழவேண்டும் என்பதற்காகவே அச்சதுரம் அங்கே இருக்கின்றது.

உங்கள் ஊரிலும் ஒரு குளம், ஓர் ஆற்றங்கரை, ஓர் ஆலமரத்தடி இருக்கும். பழந்துணி மூட்டையை அவிழ்க்குமுன் ஒருமுறை அங்கே சென்று, காலையும் மாலையும் நின்று பாருங்கள். நெஞ்சில் இருக்கும் நிறம் வேறு, கண்ணெதிரே இருக்கும் நிறம் வேறு என்பது தெரியவரும். இரண்டையும் ஒரே துணியில் சேர்த்துத் தைக்க முடிந்தால், அந்தப் போர்வை குளிரை மட்டுமன்று, மறதியையும் ஓரளவு தடுக்கும்.